டிலீட் குடுத்தும் போகாத ஃபோல்டர்கள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அதையொட்டி விண்டோஸ் 11க்கு மாறிய லப்டொப்புகள் கிளிநொச்சி, வவுனியா, மல்லாவி, புதுக்குடியிருப்பு எங்கும் உண்டு. மாறி இரண்டு நாளில் முறைப்பாடு வரும்: சி ட்ரைவ் சிவப்பாகிவிட்டது, 128 ஜிபி எஸ்எஸ்டியில் 4 ஜிபிதான் மிச்சம். திறந்து பார்த்தால் 'விண்டோஸ் டொட் ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர், 20 ஜிபிக்கு மேல். டிலீட் கொடுத்தால் அனுமதி வேண்டும் என்கிறது. 'கன்டினியூ' அழுத்தினால் 'ட்ரை எகெய்ன்' என்கிறது. எத்தனை தரம் அழுத்தினாலும் அதே பெட்டிதான் திரும்பத் திரும்ப முளைக்கும்.

இந்த இடத்தில் யூடியூப்பில் பார்த்த கட்டளையை அப்படியே அடிக்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் அழிய மறுக்கிற ஃபோல்டர்கள் எல்லாம் ஒரே காரணத்தால் மறுப்பதில்லை. கை வைக்க முதல் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: அதை உருவாக்கியது யார், மறுக்கும்போது திரையில் வருகிற வசனம் என்ன.

உருவாக்கியவரைக் கண்டுபிடிக்க ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ், செக்கியூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போனால் மேல் வரியில் 'ஓனர்' இருக்கும். அங்கே 'ட்ரஸ்டட் இன்ஸ்டோலர்' என்று இருந்தால் அது விண்டோஸின் சொந்த உறுப்பு. அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் அதில் கை வைக்க இயல்பாக உரிமையில்லை. 'சிஸ்டம்' என்று இருந்தால் ஏதோ ஒரு அப்டேட்டோ சேவையோ உருவாக்கியது. எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாக இலக்கங்கள் ஓடினால், அது இந்த மெஷினில் இல்லாத ஒரு கணக்கு. செத்துப்போன கொம்பியூட்டரின் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டும்போது இப்படித்தான் தெரியும். இந்த மூன்றாவது வகைதான் மிகச் சுலபம். அதே பக்கத்தில் ஓனரை மாற்றி, 'ரிப்ளேஸ் ஓனர்' என்று தொடங்கும் வரியில் டிக் போட்டு அப்ளை கொடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். உங்கள் சொந்தப் பெயரே ஓனராக இருந்தும் அழியவில்லையா? அப்போது பிரச்சினை உரிமையில் இல்லை. யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் பெயர் கோளாறு, அதுவும் இல்லாவிட்டால் டிஸ்க் கோளாறு.

முதலில் விண்டோஸ் டொட் ஓல்ட். பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக வழி வைப்பதற்காக உருவாகும் ஃபோல்டர் இது. அப்டேட் ஆகி 10 நாள் கழிய விண்டோஸ் தானாகவே அதை அகற்றிவிடும். அவசரமில்லாதவர்கள் காத்திருந்தாலே போதும். ஃபோர்மட் பண்ணாமல் மேலேயே புது விண்டோஸ் ஏற்றினாலும் இதே ஃபோல்டர் வரும்; அப்போது பழைய டெஸ்க்டொப்பும் டொக்கியூமென்ட்ஸும் இதற்குள்ளே 'யூசர்ஸ்' என்ற இடத்தில்தான் கிடக்கும். தவணைப் பரீட்சை வினாத்தாள், கலியாணப் படங்கள், கடைக் கணக்கு எல்லாம் அங்கே இருக்கும். திறந்து பார்க்காமல் அழிக்கக் கூடாது. ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது.

அழிக்கிற சரியான வழி எக்ஸ்ப்ளோரர் அல்ல. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்ற வரியில் டிக் போட்டு 'ரிமூவ் ஃபைல்ஸ்' கொடுக்க வேண்டும். அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் பாஸ் பேப்பரெல்லாம் இறக்கி வைத்திருப்பது அங்கேதான். அதில் டிக் விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டி இல்லாத பழைய மெஷினில் அரை மணித்தியாலம்கூடச் சுற்றும். தொங்கிவிட்டது என்று பவர் பட்டனை அமத்தினால், பாதி அழிந்தும் பாதி அழியாமலும் நிற்கிற ஃபோல்டர் ஒன்று உருவாகும். அதற்குப் பிறகு அந்த வரி பட்டியலிலேயே வராது. கையால் அழிக்க வேண்டிய தேவை வருவது பெரும்பாலும் இப்படிப் பாதியில் நின்றதற்குத்தான்.

கையால் அழிப்பது மூன்று கட்டளை. ஸ்டார்ட்டில் சி எம் டி என்று தேடி, ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்க வேண்டும். விண்டோஸ் 11இல் 'டேர்மினல்' என்று திறந்தால் வருவது பவர்ஷெல். அதில் இந்தக் கட்டளைகள் இதே மாதிரி வேலை செய்யாது. டொலர் குறியோடு தொடங்கும் பெயர்களையும் அது வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். டேர்மினல்தான் திறந்திருக்கிறது என்றால் சி எம் டி என்று அடித்து என்டர் தட்டிவிட்டுத் தொடங்கலாம்.

முதல் கட்டளை 'டேக்ஓன்', ஒரே சொல்லாக. பிறகு சாய்கோடு எஃப், ஃபோல்டரின் பாதை, சாய்கோடு ஆர், சாய்கோடு ஏ, சாய்கோடு டி, கடைசியில் வை. ஆர் என்றால் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும். ஏ என்றால் உரிமையை அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவுக்குக் கொடு. டி வை என்றால் இடையில் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆம். இரண்டாவது கட்டளை ஐ, சி, ஏ, சி, எல், எஸ் என்ற ஆறு எழுத்து, பாதை, சாய்கோடு 'கிராண்ட்', 'அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று எழுதி முக்காற்புள்ளி, அதோடு ஒட்டி எஃப், பிறகு சாய்கோடு டி. உரிமையாளர் ஆவது வேறு, அழிக்க அனுமதி இருப்பது வேறு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு 'இன்னும் போகேல்லை' என்கிறவர்கள் இந்த இரண்டாவதை விட்டவர்கள். மூன்றாவதுதான் அழிக்கிற கட்டளை: ஆர் டி, சாய்கோடு எஸ், சாய்கோடு கியூ, பாதை. சாய்கோடு எல்லாம் கேள்விக்குறி இருக்கிற கீயில் இருப்பது. பாதைக்குள் வருகிற மற்றச் சாய்கோடு வேறு, அது பெரும்பாலான கீபோர்ட்டில் என்டருக்கு மேலே.

ஆபத்து மூன்றாவது கட்டளையில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்த வேலை பாதி ஃபோனில் நடக்கும். கடையில் நிற்கிற பொடியனுக்கு வவுனியாவிலிருந்து ஒருவர் எழுத்தெழுத்தாகச் சொல்வார்.

"ஆர் டி அடிச்சிட்டன் அண்ணை."

"சரி, இடைவெளி விடு. சாய்கோடு எஸ். இடைவெளி. சாய்கோடு கியூ. இடைவெளி. இனி சி, முக்காற்புள்ளி, மற்றச் சாய்கோடு…"

"ம்… அடிச்சாச்சு. இடைவெளியோ?"

"இல்லையடா தம்பி! ஒட்டி அடி, ஒட்டி!"

அந்த இடைவெளி விழுந்து என்டரும் தட்டியிருந்தால் முடிந்தது கதை. ஆர் டி கட்டளை ஒரே வரியில் பல பாதைகளை ஏற்கும். இடைவெளி விழுந்தால் அது வாசிப்பது 'விண்டோஸ் டொட் ஓல்ட்டை அழி' என்று அல்ல. 'சி ட்ரைவ் முழுக்க அழி, பிறகு விண்டோஸ் டொட் ஓல்ட் என்றொன்று இருந்தால் அதையும் அழி' என்று. சாய்கோடு கியூ கொடுத்திருப்பதால் கேள்வியும் கேட்காது. ஆகவே பாதையைக் கையால் அடிக்கவே வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து 'கொப்பி அஸ் பாத்' கொடுங்கள். விண்டோஸ் 10 என்றால் ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரைட் கிளிக். மேற்கோள் குறியோடு முழுப் பாதையும் கொப்பியாகும், கறுப்புத் திரையில் பேஸ்ட் பண்ணினால் சரி. ஃபோல்டரை இழுத்துக் கறுப்புத் திரைக்குள் போடுகிற வித்தை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த திரையில் வேலை செய்யாமல் போகலாம். என்டர் தட்ட முதல், அதே பாதைக்கு முன், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் டி ஐ ஆர் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் எதை அழிக்கப்போகிறோம் என்று கண்ணால் காணலாம்.

டொலர் குறியோடு தொடங்கி பி டி என்று முடியும் மறைந்த ஃபோல்டர் ஒன்றும் சி ட்ரைவில் இருக்கலாம். அது அப்டேட் இறக்கிவைக்கும் இடம். ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்கிற அப்டேட் இருந்தால் தொடக்கூடாது. இல்லாவிட்டால் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' போய் அகற்றலாம்.

அடுத்தது டி ட்ரைவில் திடீரென்று தோன்றும் விசித்திரப் பெயர்கள்: எழுத்தும் இலக்கமும் கலந்து, வாசிக்க முடியாத நீளத்தில். வைரஸ் என்று பயந்து ஃபோர்மட் அடித்தவர்களும் உண்டு. உள்ளே திறந்து பார்த்தால் 'எம்ஆர்டி' என்று தொடங்கும் கோப்போ, 'ஏஎம்டி64', 'ஐ386' என்ற இரண்டு ஃபோல்டரோ இருக்கும். மைக்ரோசொஃப்டின் அப்டேட்டுகளும் டொட் நெட் போன்ற துணைப் பொதிகளும் தங்களை விரிக்கும்போது, கூடுதலாக இடம் இருக்கிற ட்ரைவைத் தெரிவுசெய்யும். அந்த நேரம் யூஎஸ்பியில் 1 டிபி ஹாட் டிஸ்க் குத்தியிருந்தால் அதிலேயே விரிக்கும். வேலை முடிய அழித்துவிட்டுப் போக வேண்டும். இடையில் கரண்ட் போனால் குப்பை அங்கேயே கிடக்கும். ஒரு தரம் ரீஸ்டார்ட் பண்ணி, திகதி பழையது என்று உறுதிப்படுத்திவிட்டு, மேலே சொன்ன மூன்று கட்டளையால் அழிக்கலாம். ஒரு சேதமும் வராது.

இதற்கு நேர் எதிர் 'ஐநெட்பப்'. 2025 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு சி ட்ரைவில் வெறுமையாக வந்து நின்ற ஃபோல்டர். உள்ளே ஒன்றுமில்லை, 0 பைட், ஓனர் சிஸ்டம். பார்க்கிற எவருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அது ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக வேண்டுமென்றே உருவாக்கியது, அழிக்க வேண்டாம் என்று மைக்ரோசொஃப்டே சொன்னது. ஏற்கெனவே அழித்தவர்கள் கொன்ட்ரோல் பனலில் 'டேர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஓன் ஓர் ஓஃப்' போய் 'இன்டர்நெட் இன்ஃபோமேஷன் சேர்விசஸ்' என்பதை ஓன் பண்ணினால் ஃபோல்டர் சரியான அனுமதிகளோடு திரும்ப வரும். பிறகு அதை ஓஃப் பண்ணலாம். கையால் ஒரு புது ஃபோல்டர் உருவாக்கி அந்தப் பெயரை வைப்பது அதற்கு ஈடாகாது, அனுமதிகள் வேறாக இருக்கும்.

சி ட்ரைவின் விண்டோஸுக்குள் இருக்கிற 'வின்எஸ்எக்ஸ்எஸ்', 'இன்ஸ்டோலர்' இரண்டையும் அழிக்க முயலவே வேண்டாம். முதலாவது பார்வைக்கு 10 ஜிபி என்று காட்டினாலும், அதில் பல கோப்புகள் வேறிடத்தில் இருக்கிற அதே கோப்பின் இன்னொரு பெயர்தான். இரண்டு தரம் எண்ணப்படுகிறது. இரண்டாவதை அழித்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒஃபிஸை அப்டேட் பண்ணவோ கழற்றவோ போகும்போதுதான் மூலக் கோப்பைக் கேட்கும்.

பென்ட்ரைவில் வருகிற 'சிஸ்டம் வொல்யூம் இன்ஃபோமேஷன்' பற்றிக் கேட்காத ஆளில்லை. அழித்துவிட்டுக் கழற்றி, இன்னொரு விண்டோஸில் குத்தினால் திரும்ப வரும். உள்ளே இருப்பது இரண்டு சின்னக் கோப்பு. அதோடு மல்லுக்கட்டுவது வீண். பஸ்ஸில் பாட்டுப் போடுகிற செட் அந்த ஃபோல்டரைப் பாட்டுப் பட்டியலில் காட்டித் தொல்லை தருகிறது என்றால் மட்டும் ஒரு வழி உண்டு: ஃபோல்டரை அழித்துவிட்டு, கழற்ற முதல், அதே பெயரில் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இல்லாத ஒரு வெறும் கோப்பை உருவாக்கி வைக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பெயரில் கோப்பும் ஃபோல்டரும் இருக்க முடியாது. சி ட்ரைவில் இருக்கும் அதே பெயர் ஃபோல்டர் வேறு கதை. ரீஸ்டோர் பொயின்ட்டுகள் இருக்குமிடம் அது. பெருத்துவிட்டால் 'சிஸ்டம் புரொடெக்ஷன்', 'கொன்ஃபிகர்' போய் அளவைக் குறைக்க வேண்டும், ஃபோல்டரைத் தொடக் கூடாது.

பென்ட்ரைவில் இன்னொரு பொறி. எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது, பக்கத்தில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர் நிற்கிறது, அதுதான் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பிழை. ஷோர்ட்கட் வைரஸ் உங்கள் கோப்புகளை எல்லாம் தள்ளி மறைத்து வைத்திருப்பதே அந்தப் பெயரில்லா ஃபோல்டருக்குள். அழிக்க வேண்டியது ஷோர்ட்கட்டை. கோப்புகளை வெளியே எடுத்து, ஸ்கேன் பண்ணி, பிறகு ஃபோர்மட் பண்ணலாம்.

பழைய பென்ட்ரைவ்களில் 'ஓட்டோரன் டொட் இன்ஃப்' என்ற பெயரில் கோப்புக்குப் பதிலாக ஒரு ஃபோல்டர் இருக்கும், எந்த வழியிலும் அழியாது. அது வைரஸ் அல்ல, வைரஸுக்குப் போட்ட தடுப்பூசி. உள்ளே 'எல்பிடி3' அல்லது 'கொன்' என்று தொடங்கும் பெயரில் ஒன்று இருக்கும். டொஸ் காலத்தில் பிரின்டருக்கும் கீபோர்ட்டுக்கும் ஒதுக்கிய பெயர்கள் என்பதால் விண்டோஸ் அவற்றைக் கோப்பாகவே கருதாது. பாதைக்கு முன்னால் என்டருக்கு மேலே இருக்கிற சாய்கோடு இரண்டு, கேள்விக்குறி, மறுபடி அதே சாய்கோடு ஒன்று சேர்த்து ஆர் டி கட்டளை கொடுத்தால், பெயரைச் சோதிக்காமல் அப்படியே எடுத்து அழிக்கும். பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ உள்ள ஃபோல்டருக்கும் இதே மருந்துதான். 'குட் நொட் ஃபைண்ட் திஸ் ஐட்டம்' என்ற வசனம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கடைசி இடைவெளியை. பாதை 260 எழுத்தைத் தாண்டியதால் அழியாவிட்டால் 7-ஜிப்பைத் திறந்து அதற்குள்ளிருந்து ஷிஃப்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்தினால் போகும்.

'ஓப்பன் இன் அனதர் புரோகிராம்' என்றால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரிசோர்ஸ் மொனிட்டரில் சிபியூ பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹாண்டில்ஸ்' என்ற பெட்டியில் ஃபோல்டரின் பெயரை அடித்தால் ஆள் யாரென்று தெரியும். பவர்டோய்ஸ் என்ற துணைப் பொதி போட்டிருந்தால் ரைட் கிளிக்கிலேயே 'ஃபைல் லொக்ஸ்மித்' உண்டு, இரண்டும் மைக்ரோசொஃப்டுடையவை. 'அன்லொக்கர்' என்று தேடிக் கண்ட இடத்தில் இறக்குவதில் ஃபோல்டர் போகும், பதிலுக்கு நாலு விளம்பரப் புரோகிராம் வரும். 'நிப்பாட்டிப் போட்டுப் பாத்தன், அப்பவும் போகேல்லை' என்பார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஓனில் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு நிறுத்தம் அல்ல. விண்டோஸின் உட்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டுத் திரும்ப எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

'ஃபவுண்ட் டொட் 000' வன்னிக்கு மிகப் பழக்கப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், அடுத்த தரம் ஓன் பண்ணும்போது டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் ஓடினால் மிஞ்சுவது இது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் கரண்டை 13 மணித்தியாலம் வெட்டியபோதுகூட நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. கெடுப்பது சொல்லாமல் போகிற கரண்ட்தான்: கார்த்திகை இடிமழையில் போவது, 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது மாதிரிப் போவது. ஃபோல்டர் மறைந்திருக்கும், 'ஹைட் புரொடெக்டட் ஓப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுத்தால் தெரியும். அழிப்பது சுலபம். ஆனால் உள்ளே இருக்கிற சி.எச்.கே கோப்புகள் உங்கள் கோப்புகளின் துண்டுகள். ஸ்டூடியோ மெஷின் என்றால் 3, 4 எம்பி அளவில் இருப்பவற்றைக் கொப்பி எடுத்து, நீட்சியை ஜேபிஜி என்று மாற்றித் திறந்து பார்க்க வேண்டும். கலியாணப் படம் ஒன்றிரண்டு முழுதாக எழும்பும். 001, 002 என்று கூடிக்கொண்டு போனால் கரண்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' புரோகிராமில் 05, சி5 என்ற இரண்டு வரியைப் பாருங்கள். 0 இல்லாத எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிறது.

'கரப்டட் அண்ட் அன்ரீடபிள்' என்ற வசனமும் இதே வீட்டுப் பிள்ளை. செக்டிஸ்க்கை சாய்கோடு எஃப்போடு ஓட்டினால் ஃபோல்டர் திறக்கவும் கூடும், உள்ளிருப்பது துண்டு துண்டாகவும் கூடும். டிஸ்க் நல்லாக இருக்கிறது என்று தெரியாமல் ஓட்டக் கூடாது. எடுக்கக்கூடியதை முதலில் கொப்பி எடுத்து, பற்றரி செத்த லப்டொப் என்றால் யூபிஎஸ்ஸில் மாட்டி, பிறகுதான்.

எதற்கும் மசியாத ஒன்றை விண்டோஸுக்கு வெளியே நின்று அழிக்கலாம். ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, 'ட்ரபிள்ஷூட்' வழியாகக் கொமாண்ட் புரொம்ப்ட் வரை போகலாம். அங்கே ட்ரைவ் எழுத்துகள் மாறியிருக்கும். நீங்கள் சி என்று நினைப்பது டி ஆக நிற்கலாம், டி ஐ ஆர் போட்டுப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். புது லப்டொப் என்றால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் 48 இலக்கச் சாவி கேட்கும். அது சொந்தக்காரரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் பாஸ்வேட் மறந்தவராக இருந்தால் தொடங்கவே வேண்டாம். இன்னொரு வழி லினக்ஸ் மின்ட் போட்ட பென்ட்ரைவில் பூட் பண்ணுவது. விண்டோஸ் வைத்த அனுமதிகளை அது பொருட்படுத்தாது. ட்ரைவை வாசிக்க மட்டும் விட்டு, அழிக்க விடாவிட்டால், விண்டோஸ் முழுதாக நிற்கவில்லை என்று அர்த்தம். திரும்ப விண்டோஸுக்குள் போய் அட்மினிஸ்ட்ரேட்டர் திரையில் 'பவர்சிஎஃப்ஜி', சாய்கோடு எச், 'ஓஃப்' அடித்து, ஷட்டவுன் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்தக் கட்டளை 'ஹைபர்ஃபில்' என்ற மறைந்த கோப்பையும் சேர்த்து அகற்றிவிடும். 8 ஜிபி ரேம் உள்ள லப்டொப்பில் அதுவே கிட்டத்தட்ட 3 ஜிபி. இடத்துக்காகத்தான் இவ்வளவு பாடும் என்றால், சிலவேளை அந்த 3 ஜிபியோடேயே ஆள் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.